பெடலைக் கழற்றிவிட்டுத் தொடங்கிய சைக்கிள் பழக்கம்

சைக்கிளின் இடது பெடலைக் கழற்றுவதற்கு, வழக்கமாக மரையைத் தளர்த்தும் திசைக்கு நேர் எதிராக, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில், ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். வலது பெடலின் மரை மற்ற எல்லா மரைகளையும் போன்றது. இடது பெடலுக்கு மட்டும் எதிர்மரை வெட்டியிருப்பார்கள். மிதிக்க மிதிக்க இடது பெடல் தானே தளர்ந்து கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இதை அறியாமல், கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 1,800 ரூபாய்க்கு வாங்கிவந்த பழைய சைக்கிளின் இடது பெடலை அரை மணி நேரம் முயன்று மேலும் இறுக்கிவிட்டேன். கடைசியில் தெருமுனை சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரப் பெரியவர் மண்ணெண்ணெய் விட்டுச் சற்று நேரம் ஊறவைத்து, 15 மில்லிமீட்டர் ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கி, ஒரே அழுத்தில் கழற்றிக் கொடுத்தார். "பெடல் இல்லாம எப்படிம்மா ஓட்டுவீங்க?" என்று கேட்டார். "ஓட்டுறதுக்கு இல்லைங்க ஐயா, பேலன்ஸ் பழகறதுக்கு" என்று சொன்னேன். அவர் இரண்டு பெடல்களையும் ஒரு துணியில் சுற்றி என்னிடம் தந்து, "மறுபடி மாட்டும்போது கிரீஸ் வைக்காம மாட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு 46 வயது. சென்னை வில்லிவாக்கத்தில் வசிக்கிறேன், அலுவலகம் அண்ணா நகரில், வீட்டிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நடப்பதற்கு அதிகமான, பேருந்துக்குக் காத்திருப்பதற்குக் குறைவான அந்தத் தூரத்துக்கு ஏற்ற வண்டி சைக்கிள்தான் என்று பல ஆண்டுகளாக எனக்குத் தெரியும். ஓட்டத் தெரியாது என்பது ஒன்றே தடையாக இருந்தது. ஜனவரியில் பழகத் தொடங்கி, மே மாதம் நகர ஓட்டத்துக்கான சைக்கிளைத் தேர்ந்து வாங்கி, நவம்பர் மழை வரை ஓட்டிய காலத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து இதை எழுதுகிறேன். என்னைப் போல நடுவயதில் கற்க நினைப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதில் ஏதாவது பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு முன் இருமுறை முயன்று தோற்றிருக்கிறேன். எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியபோது, எங்கள் சின்ன அத்தை வயலோரப் பாதையில் ஓட்டக் கற்றுக்கொண்டார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால், பெண்கள் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள், அத்தையும் அப்படித்தான். அந்த ஆண்டுகளில் நான் திருச்சியில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் அந்த வாய்ப்பு எனக்குத் தவறிவிட்டது. விடுமுறைக்கு வந்தபோது என் அண்ணன் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். அவன் கையை விட்டதும் விழுந்தேன், முழங்கையில் தையல் போட வேண்டியதாயிற்று. முப்பதாவது வயதில் என் கணவர் அதே முறையில் கற்றுக்கொடுக்க முயன்றார். முடிவும் அதேதான்.

இருமுறையும் தவறு எங்கே நேர்ந்தது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. பின்னால் பிடிப்பவரின் கை, வண்டி சாயும்போதெல்லாம் அதை நிமிர்த்திவிடுகிறது. ஆனால் சைக்கிள் ஓட்டுவது என்பதே, சாயும் வண்டியை ஓட்டுபவர் தம் ஹேண்டில்பாரால் மீட்பதுதான். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலை இடப்பக்கம் சற்றே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் நம் எடைக்கு அடியில் வந்து சேர்ந்து வண்டி நிமிர்கிறது. சுழலும் சக்கரத்தின் விசைதான் சைக்கிளை நிற்கவைக்கிறது என்று பள்ளியில் படித்த நினைவு எனக்கு இருந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அந்தச் சுழற்சி விசையை எதிர்ச்சுழல் சக்கரங்களால் நீக்கிய ஒரு சோதனை வண்டியைச் செய்து, அதுவும் ஆளில்லாமல் தானே சமநிலையில் ஓடுவதை 2011இல் காட்டினார்கள். சாயும் பக்கமாகத் திரும்புவதே அதிலும் முக்கியமாக இருந்தது. புதிதாகக் கற்பவரோ, இடப்பக்கம் சாய்ந்தால் பயத்தில் வலப்பக்கம் ஹேண்டிலை ஒடிக்கிறார். பின்னால் ஒருவர் பிடித்திருக்கும்வரை இந்தத் தவறு வெளியே தெரிவதில்லை. கையை விட்ட கணத்தில் தெரிகிறது. அதனால்தான் பிடித்துக்கொள்ள ஆளைத் தேடாமல், விழாத ஏற்பாட்டோடு தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

அந்த ஏற்பாடு மிக எளியது. பெடல்கள் இருந்தால் காலை வீசி நடக்கும்போது கெண்டைக்காலில் இடிக்கும். ஆகவே அவற்றைக் கழற்றினேன். சீட்டுக்குக் கீழே இருக்கும் நட்டைத் தளர்த்திச் சீட்டை அதன் கடைசி எல்லை வரை இறக்கினேன். உட்கார்ந்தபடி இரண்டு பாதங்களும், குதிகால் உட்பட, முழுமையாகத் தரையில் படிய வேண்டும். முழங்கால் சற்று மடங்கியும் இருக்க வேண்டும். இது ஒன்று கூடிவந்தாலே பயத்தில் பாதி போய்விடுகிறது. என் பழைய வண்டி 26 அங்குலச் சக்கரமும் திறந்த சட்டமும் கொண்டது. பார் இல்லாததால் காலைத் தூக்கிச் சுற்றிப்போட வேண்டிய தேவை இல்லை. டயர் இரண்டிலும் காற்றை நன்றாக அடித்துக்கொண்டேன். காற்று குறைந்த டயரில் வண்டி உருளாமல் நின்றுவிடுவதால், கற்பவருக்கு அது பாதுகாப்பு போலத் தோன்றினாலும் உண்மையில் இடையூறே. இரண்டு பிரேக்குகளையும் கடைக்காரரிடம் சரிபார்த்து, விரல்கள் எட்டும் அளவுக்குப் பிடியை நெருக்கி வைக்கச் சொன்னேன்.

பழகிய இடம் வீட்டருகே உள்ள மாநகராட்சி விளையாட்டுத் திடல். காலை 5.30 மணிக்கு அங்கே நடைப்பயிற்சிக்காரர்கள் சிலரைத் தவிர யாரும் இருப்பதில்லை. திடலின் ஒரு மூலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு சரிவு இருந்தது. மழைநீர் எந்தப் பக்கம் வடிந்திருக்கிறது என்ற தடத்தைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன். முதல் மூன்று நாள்கள் சீட்டில் அமர்ந்தபடி நடந்தேன், அவ்வளவுதான். நான்காம் நாள், இரண்டு கால்களாலும் ஒரே நேரத்தில் தரையை உந்திவிட்டுக் கால்களைத் தூக்கியபோது, வண்டி நான் மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணும் வரை தானாக ஓடியது. அந்த மூன்று எண்ணிக்கையை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் நாள் எட்டு எண்ணினேன். பன்னிரண்டாம் நாள் சரிவின் மேலிருந்து திடலின் மறுமூலை வரை கால் ஊன்றாமல் வந்து சேர்ந்தேன்.

இந்த நாள்களில் நான் கற்றவற்றுள் முக்கியமானது பார்வையைப் பற்றியது. முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்த ஒவ்வொரு முறையும் வண்டி தள்ளாடியது. பத்து மீட்டர் தள்ளி ஒரு மரத்தையோ தூணையோ பார்த்தபோது நேராகச் சென்றது. ஆனால் அந்தத் தூணையே தொடர்ந்து பார்த்தால் தூணை நோக்கியே வண்டி போகிறது. போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். தவிர்க்க வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது. இன்று வரை சாலையில் ஒவ்வொரு குழியிலும் இதை நினைத்துக்கொள்கிறேன். இரண்டாவது, வேகம் குறையக் குறையச் சமநிலை கடினமாகிறது. புதியவர் பயந்து மிக மெதுவாகச் செல்ல விரும்புவது இயல்பே; ஆயினும் நடைவேகத்தில் வண்டியை நேராகச் செலுத்துவது, ஓட்டவேகத்தில் செலுத்துவதைவிடப் பல மடங்கு கடினம்.

மூன்றாம் வாரத்தில் பெடல்களை மீண்டும் மாட்டினேன். பெடல் அச்சின் முனையில் இடது, வலதைக் குறிக்கும் 'எல்', 'ஆர்' எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். மரையைத் துணியால் துடைத்து, சிறிது கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றுகளை விரல்களாலேயே திருப்பினேன். மரை கோணலாக ஏறினால், பெடலைத் தாங்கும் இரும்புக் கையான கிராங்கே பாழாகிவிடும். விரலுக்கு எளிதாக ஏறுகிறது என்பதே நேராக ஏறுகிறது என்பதற்குச் சான்று. புறப்படும் முறையைப் பழக ஒரு வாரம் ஆனது. வலது பெடலை மேலே, சற்று முன்னோக்கி, கடிகாரத்தின் இரண்டு மணி நிலையில் வைத்துக்கொண்டு, அதில் பாதத்தை வைத்து ஒரே சீராக அழுத்தினால், இடது கால் பெடலைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை ஓடுவதற்குத் தேவையான வேகம் கிடைத்துவிடுகிறது. பெடல் கீழே இருந்தால் அந்த வேகம் கிடைக்காது; வண்டி இரண்டடி நகர்ந்து சாய்ந்துவிடும்.

ஒரே ஒருமுறை மோசமாக விழுந்தேன். வலப்பக்கம் கூர்மையாகத் திரும்பும்போது வலது பெடலைக் கீழே வைத்திருந்தேன். சாய்ந்த வண்டியின் பெடல் தரையில் உரசி என்னைத் தூக்கிப் போட்டது. தொடையில் இரண்டு வாரம் இருந்த கன்றல் கற்றுத் தந்தது இதுதான்: திரும்பும் பக்கத்துப் பெடல் மேலே இருக்க வேண்டும். இன்னொரு முறை துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கத் தொடங்கியது. நல்லவேளையாக வேகம் இல்லை. அன்று முதல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டாமல் வண்டியில் ஏறுவதில்லை. சேலை கட்டும் நாள்களில் சைக்கிளுக்குப் பின்சக்கரத்தின் இருபுறமும் வலைக்காப்பு வேண்டும், செயின் கவர் முழுமையாக மூடியிருக்க வேண்டும் என்பதையும் அப்போதே குறித்துக்கொண்டேன்.

பெடல் மாட்டிய பின்னும் சீட்டை உடனே உயர்த்தவில்லை. ஆனால் தாழ்ந்த சீட்டில் இரண்டு சுற்று ஓட்டினாலே முழங்காலின் முன்பகுதி வலித்தது. சீட்டின் சரியான உயரத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு: சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுமையாக நீள வேண்டும், பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கிய நிலை தானே அமைந்துவிடும். அந்த உயரத்தில் உட்கார்ந்தால் எனக்கு விரல்நுனி மட்டுமே தரையைத் தொட்டது, பயமாக இருந்தது. ஆகவே சீட் கம்பியில் ஒரு பென்சில் கோடு போட்டு, வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஆறு வாரங்களில் ஏற்றினேன். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றப் பழகிக்கொண்டால், சீட்டில் இருந்தபடியே இரண்டு கால்களும் தரையைத் தொட வேண்டும் என்ற தேவை மறைந்துவிடுகிறது. கற்பவருக்கு வேண்டிய உயரமும் ஓட்டுபவருக்கு வேண்டிய உயரமும் வெவ்வேறு. இதை யாரும் முன்பு எனக்குச் சொல்லாததால், தெருவில் போகும் பலர் பத்தாண்டுகளாக ஓட்டியும் கற்பவரின் உயரத்திலேயே முழங்காலை மடக்கி மிதிப்பதை இப்போது வருத்தத்தோடு கவனிக்கிறேன்.

மார்ச் மாதம் முழுவதும் இரண்டு பயிற்சிகளுக்காகச் செலவிட்டேன். ஒன்று, ஒரு கையை எடுத்துத் திரும்பும் திசையைக் காட்டுவது. மற்றொன்று, வலது தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்ப்பது. இரண்டாவதுதான் இந்த முழுப் பயிற்சியிலும் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. தலையைத் திருப்பியவுடன் தோளும், தோளோடு கையும், கையோடு ஹேண்டிலும் திரும்பி வண்டி சாலையின் நடுவுக்கு இழுத்தது. திடலில் சுண்ணாம்புக் கோடு ஒன்றைப் போட்டு, அந்தக் கோட்டின்மேலேயே ஓட்டியபடி, பின்னால் நிற்கும் என் மகள் எத்தனை விரல்களைக் காட்டுகிறாள் என்று சொல்லும் வரை பழகினேன். இதில் தேறாமல் சென்னைச் சாலையில் இறங்குவது சரியல்ல என்பது என் திடமான கருத்து.

ஏப்ரலில் ஞாயிறு காலைகளில் சாலைக்கு வந்தேன். நின்றிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிச் செல்வது, வேகத்தடையில் சீட்டிலிருந்து சற்று எழுந்து இரண்டு பெடல்களையும் கிடைமட்டமாக வைத்து முழங்கால்களால் அதிர்வை வாங்கிக்கொள்வது, சாலையோர மண்ணில் இறங்க நேர்ந்தால் மீண்டும் தார்ச்சாலையின் விளிம்பில் சாய்வாக ஏறாமல் நின்று ஏறுவது ஆகியவை இரண்டு மூன்று வாரங்களில் பழக்கமாயின. அண்ணா நகர் ரவுண்டானாப் பக்கம் இப்போதும் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறேன். அதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

பழைய வண்டி கற்பதற்குப் பொருத்தமாக இருந்ததே தவிர, நாள்தோறும் 8 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு உதவவில்லை. அதன் சட்டம் எனக்குச் சிறியது; சரியான உயரத்துக்கு ஏற்றினால் சீட் கம்பி அதில் பொறித்துள்ள எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வந்தது. அந்தக் கோட்டுக்கு மேல் ஏற்றினால், சட்டத்துக்குள் இருக்கும் பிடிப்பு போதாமல் கம்பி வளையலாம், சட்டக் குழாயே விரியலாம். எனவே மே மாதத்தில் கடைகளுக்குச் செல்லத் தொடங்கினேன். அம்பத்தூரில், எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தன் வண்டிகளைச் செய்துவந்தது, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று நம் ஊர்களில் தலைமுறைகளாக ஓடியவை அங்கிருந்து வந்தவைதான். அத்தனை அருகில் இருந்தும், சைக்கிளின் உறுப்புகளுக்கு ஓர் அளவும் ஒரு கணக்கும் உண்டு என்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் கடையில் எனக்குக் காட்டியவை எல்லாம் தடித்த டயரும் முன்பக்க ஸ்பிரிங் ஃபோர்க்கும் கொண்ட மலைச்சாலை வகை வண்டிகள். பார்வைக்கு உறுதியாக இருந்தாலும், மிதிக்கும் உழைப்பில் ஒரு பகுதியை அந்த ஸ்பிரிங்கும் முரட்டு டயரும் வாங்கிக்கொள்கின்றன. மட்கார்டும் கேரியரும் செயின் கவரும் கிடையாது. அலுவலகம் போகிறவருக்கு இந்த மூன்றும் ஆடம்பரங்கள் அல்ல. இரண்டாவதாக, 700 சி என்னும் பெரிய அளவுச் சக்கரமும் மெல்லிய டயரும் கொண்ட ஹைபிரிட் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். இலகுவாக, மிக விரைவாக ஓடியது. ஆனால் முதுகு முன்னே சாய்ந்து, கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது; பின்னால் திரும்பிப் பார்ப்பதற்கு நான் பட்ட பாடெல்லாம் அந்த நிலையில் திரும்ப வந்துவிட்டது. மூன்றாவது, பார் வைத்த பழைய பாணி 28 அங்குல வண்டி. அதன் நிமிர்ந்த இருக்கையும் உறுதியும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. அத்தையை நினைத்து அதையே வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆயினும் என் உயரத்துக்குப் பார் தடையாக இருந்தது. நெரிசலில் திடீரென்று நிற்கும்போது சட்டென்று முன்னால் இறங்க முடியாத வண்டி எனக்கு ஏற்றதல்ல.

இறுதியில் நான் தேர்ந்தது, திறந்த சட்டமும் 26 அங்குலச் சக்கரமும் கொண்ட, கியர் இல்லாத எளிய வண்டி. ஹேண்டில்பார் சீட்டைவிடச் சற்று உயரமாகவும் பின்னோக்கி வளைந்தும் இருப்பதால் முதுகு நிமிர்ந்திருக்கிறது. கூடை, கேரியர், முழுச் செயின் கவர், சேலைக்கான வலைக்காப்பு எல்லாம் உடன் வந்தன. ரிம் மட்டும் இரும்பாக இல்லாமல் அலாயாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினேன். மழையில் நனைந்த குரோம் பூசிய இரும்பு ரிம்மில் பிரேக் ரப்பர் வழுக்கும். அலாய் ரிம்மில் நனைந்தாலும் ஓரளவு பிடிப்பு இருக்கும். சென்னையில் ஆண்டுதோறும் பருவமழையில் ஓட்டப் போகும் ஒருவருக்கு, கியர் எத்தனை என்பதைவிட இந்த ஒரு கேள்விதான் பெரியது என்று நினைக்கிறேன்.

26 அங்குலம் என்ற சொல்லை நம்பி டியூப், டயர் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. என் வண்டியின் டயரில் 26 x 1⅜ என்றும், அதனருகே 37-590 என்றும் எழுதியிருக்கிறது. பின்னதில் 37 டயரின் அகலம், 590 ரிம்மில் டயர் அமரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். மலைச்சாலை வண்டிகளின் 26 அங்குல டயருக்கு அந்த விட்டம் 559. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. ஆனால் ஒன்றின் டயர் மற்றொன்றில் உட்காராது. கடையில் கேட்கும்போது அங்குலத்தைச் சொல்லாமல் இந்த எண்ணைச் சொன்னால் வீண் அலைச்சல் இல்லை.

கியர் இல்லை என்பதால் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.09 மீட்டர் என்பதால், பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி 5.1 மீட்டர் முன்னேறும். சமதரையில் இது சரிதான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம். ஆனால் பாடி மேம்பாலத்தில் ஏறும்போதும், சிக்னலில் நின்று புறப்படும்போதும் முழங்காலில் அதிகப் பாரம் விழுந்தது. கடைக்காரப் பெரியவரிடம் சொன்னபோது, ஏழு கியர் வண்டிக்கு மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த என்னிடம், "அதெல்லாம் எதுக்கும்மா, பின்னாடி ஃப்ரீவீலை மட்டும் மாத்துங்க" என்றார். ஃப்ரீவீல் என்பது பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம். மறுநாளே 20 பல் ஃப்ரீவீல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன்.

ஃப்ரீவீலைக் கழற்றுவதற்கு அதன் பள்ளங்களில் பொருந்தும் தனிக்கருவி வேண்டும். கருவியைப் பட்டறை இடுக்கியான வைஸில் இறுக்கிப் பிடித்து, அதன்மேல் சக்கரத்தைக் கவிழ்த்துப் பொருத்தி, ஸ்டியரிங்கைத் திருப்புவது போலச் சக்கரத்தையே இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகிய மரை என்பதால் நீண்ட பிடி இல்லாமல் அசையாது. பெரியவர் பிடித்துக்கொள்ள நானே திருப்பினேன். பல் இரண்டு கூடியதால் செயின் இன்னும் சற்று நீளமாக வளைய வேண்டியிருக்கிறது. அதற்காகப் பின்சக்கரத்தை அதன் பொருத்துவாயில் சுமார் 6 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினோம். செயினில் புதுக் கண்ணி சேர்க்கத் தேவைப்படவில்லை. செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு மேலும் கீழும் ஆட வேண்டும்; அதற்கும் இறுகினால் பெடல் கனக்கும், தளர்ந்தால் மேட்டில் கழன்றுவிடும். இப்போது பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 4.6 மீட்டர் போகிறது. உச்ச வேகம் சிறிது குறைந்தது. மேம்பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டிய தேவை நின்றுவிட்டது.

புது வண்டியைக் கடையில் பூட்டித் தந்தபடியே ஓட்டக் கூடாது என்பதையும் அனுபவத்தில் அறிந்தேன். முதல் வாரத்தில் பின்சக்கரத்திலிருந்து இலேசான உரசல் ஒலி வந்தது. புது வண்டி, ஓட ஓடச் சரியாகும் என்று விட்டுவிட்டேன், அது தவறு. பத்தாம் நாள் வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தபோது, பின் பிரேக்கின் ரப்பர் ஒன்று ரிம்மில் படாமல் டயரின் பக்கச்சுவரில் பட்டு, நூலிழை தெரியும் அளவுக்கு அதைத் தேய்த்திருந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் டயர் சாலையில் வெடித்திருக்கும். ரப்பரின் நட்டைத் தளர்த்தி, ரிம்மின் நடுவில் படும்படி நிறுத்தி, பிரேக்கைப் பிடித்தபடியே மீண்டும் இறுக்கினேன். டயரை மாற்ற வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடியதும் கேபிள்கள் இளகியிருந்தன. பின்சக்கரத்தில் போக்ஸ் கம்பிகள் சில தளர்ந்து சிறு கோட்டம் விழுந்திருந்தது. பெண்டு எடுக்கும் வேலையை மட்டும் இன்னும் பெரியவரிடமே விட்டிருக்கிறேன். கம்பிகளை விரலால் மீட்டி, ஒலியைக் கேட்டே எந்தக் கம்பி தளர்ந்தது என்று அவர் சொல்லிவிடுகிறார். அந்தக் காது எனக்கு இன்னும் வரவில்லை.

நவம்பரில் முதல் பெருமழை நாளன்று வழக்கமான இடத்துக்குப் பத்து மீட்டர் முன்பே பிரேக்கைப் பிடித்தேன். முதல் ஒரு சுற்றுக்கு ரப்பர் ரிம்மிலிருந்த நீரைத்தான் துடைத்தது. அதன் பிறகே பிடித்தது. நீர் தேங்கிய இடத்தில் என்ன குழி இருக்கிறது என்று தெரியாததால், ஏதேனும் ஒரு வண்டி அதைக் கடந்து போகும் வரை காத்திருந்து, அது சென்ற தடத்திலேயே செல்கிறேன். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுகிறேன். செயினைக் கவனித்துக்கொண்டிருந்த என்னிடம் தொலைபேசியில் பேசிய அத்தை, "வண்டில பார் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப பிள்ளையை எங்க உக்கார வைப்பே?" என்றார். அவர் தம் மகனைப் பாரில் உட்காரவைத்துக்கொண்டு சந்தைக்குப் போன நாள்களை அன்று இரவு நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய வண்டியை நான் விற்கவில்லை. அலுவலகத்தில் என்னைவிட ஐந்து வயது மூத்த அக்கா ஒருவர், இரண்டு மாதங்களாக நான் வண்டியை நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, போன வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டார். சீட்டை அவர் உயரத்துக்கு இறக்கி, பிரேக்கைச் சரிபார்த்து, சனிக்கிழமை மாலை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவந்தேன். பெடல்கள் இரண்டும் அதே துணியில் சுற்றி என்னிடம் இருக்கின்றன. எழுத்து தேய்ந்துபோயிருந்ததால், இடது, வலது என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.